அனுமதி எல்லோருக்கும்

ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் இன்று ஜெர்மன் தத்துவம் பற்றிய சொற்பொழிவு. அனுமதி எல்லோருக்கும் என்கிறது சுவரொட்டி. அரைகுறை ஜெர்மனோடு மழைக்கு ஒதுங்கிய என்னை, நான் போட்டிருக்கும் கோட், சூட்டைப் பார்த்தே உள்ளே விடுகிறார் வாயில்காவலர். பின்னால் வரும் தமிழ்ப் பெண்ணை மறிக்கிறார்.

"துப்புரவு வேலை ஆறு மணிக்குத்தானே?"

அந்தப் பெண் இங்கே தரை துடைப்பவராம். அவர் கையில் ஜெர்மன் தத்துவ நூல். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். "இதைப் படித்தவர் வெளியே, நான் உள்ளேயா?" என்று ஆத்திரத்தில் தமிழிலேயே கத்திவிடுகிறேன்.

"கத்தாதேங்கோ அண்ணை. நான் கதைக்கிறன்" என்கிறார் அவர் யாழ்ப்பாணத் தமிழில்.

பிறகு காவலரிடம் ஜெர்மனில் நிதானமாகக் கேட்கிறார்: "நான் இந்த 'எல்லோரில்' சேர்த்தியில்லையா?"

காவலர் விலகி வழிவிடுகிறார். அந்தப் பெண் முன்வரிசையில் போய் அமர்கிறார்.

மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் காவலர் வாயிலிருந்து வரவே இல்லை.