நீலப் பட்டை எந்தப் பறவையோடு?

கணினித் திரையின் இடப்பக்கம் மவுஸால் ஒரு சொடுக்கு. தலை உடனே வலப்பக்கம் திரும்புகிறது. வலப்பக்கம் ஒரு சொடுக்கு, தலை இடப்பக்கம். இந்தோனேசிய நகரமான சுரபாயாவின் ஞாயிற்றுக்கிழமைப் பறவைப் பாட்டுப் போட்டியில், நடுவர் கூடாரத்து மேசை முன்னால் பிரமுத்யா பூப்பந்து ஆட்டம் பார்ப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். வெளியே கூண்டுக்காரர்களின் கூச்சல் காதைப் பிளக்கிறது. அவர் வறுகடலை கொறிக்கிறார்.

அவர் எழுதிய நிரலில் இரண்டு அட்டவணைகள். இடப்பக்கம் பறவைகள், சராசரி மதிப்பெண்ணின் தரவரிசைப்படி. வலப்பக்கம் நடுவர்கள் போட்ட மதிப்பெண்கள். பறவையைத் தொட்டால் அதன் மதிப்பெண்கள் ஒளிர வேண்டும். மதிப்பெண்ணைத் தொட்டால் அதற்குரிய பறவை.

"மொதல்ல ரெண்டும் ஒன்னை ஒன்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்துச்சு. ரெண்டு கூண்டைப் பக்கத்துல மாட்டுன மாதிரி. இது கத்த, அது கத்த, கம்ப்யூட்டரே நின்னுபோச்சு" என்று சிரிக்கிறார். பிறகு கூண்டுக்காரர்களின் வழியையே பிடித்துக்கொண்டார்: ஒன்று பாடும்போது மற்றதன்மேல் துணியைப் போர்த்திவிடுவது. நிரலில் அதற்குச் சில வரிகள் போதுமாயின.

போன போட்டியில்தான் மானம் போனது. குறைந்த மதிப்பெண் ஒன்று பதிவானதும் வரிசை மாறி, எல்லோரும் மரியாதையாகப் 'பாக்' என்று கூப்பிடும் கூண்டுக்காரர் சுகெங்கின் பறவை கீழே இறங்கிவிட்டது. தேர்வைக் காட்டும் நீலப் பட்டை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதற்கென்று அடுத்துத் தட்டிய மதிப்பெண் வேறொரு பறவைக்குப் போய்விட்டது. இன்னொரு முறை நடந்தால் கரும்பலகைக்கே திரும்பிவிடுவோம் என்று போட்டி நடத்தும் சங்கம் சொல்லிவிட்டது. இப்போது நிரல் அட்டவணையில் எத்தனையாவது வரி என்று பார்ப்பதில்லை. எந்தக் கூண்டு என்று பார்க்கிறது.

சுகெங் இன்று நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார். தம் பறவையை அவர் பையன் என்றுதான் சொல்வார்.

"எம் பையன் மார்க்க இன்னைக்கு யார் வீட்டுக்கு அனுப்பப்போற, தம்பி?"

"ஒங்க மூச்சு எங் கழுத்துல படுது, பாக். கொஞ்சம் தள்ளி நின்னு திட்டுங்க."

கடைசிச் சுற்று. சுகெங்கின் பறவைமேல் நீலப் பட்டை. நடுவர் போட்ட குறைந்த மதிப்பெண்ணைப் பிரமுத்யா தட்டுகிறார். அட்டவணை குலுங்குகிறது, பறவை கீழே இறங்குகிறது. பட்டையும் கூடவே இறங்குகிறது. வலப்பக்கம் ஒளிர்வதும் அதே பறவையின் மதிப்பெண்கள்தாம்.

"தோத்துட்டானே!" என்று தலையில் கை வைக்கிறார் சுகெங். பிறகு குனிந்து, திரைக்கு மூக்கு முட்ட, "தோத்தது அவன்தானா? நெசமா அவன்தானா?" என்கிறார்.

பிரமுத்யா எழுந்து, நாற்காலியை அவருக்கு விட்டு, அவரே சொடுக்கிப் பார்க்கட்டும் என்று மவுஸை அவர் கைப்பக்கம் நகர்த்தி வைக்கிறார்.