துணைக்கு வந்தவர்கள்

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்குக்குக் கீழே ஒரு பால்வாடி இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் என் அத்தை அங்கே பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் ஒழுங்காக வந்தார்கள். ஆண்கள் முதல் வாரம் தலைவாரிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

மிஞ்சிய ஆண்கள் இருவர்: ஆட்டோ ஓட்டிய அப்பாவும், மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரி மாமாவும். அப்பாவுக்கு அந்த வகுப்பு அவசியம். கிண்டியில் ஒரு கம்பெனிக்கு டிரைவர் தேவைப்பட்டது. விருந்தினரிடம் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசத் தெரிந்தால் வேலை நிச்சயம். ஆனால் ஒருநாள் அத்தை கேட்ட கேள்விக்கு அவர் பள்ளிப் பிள்ளைபோலக் கைகட்டி எழுந்து நின்று, வாய் திறக்காமல் வியர்த்தார். இஸ்திரி மாமா சிரித்துவிட்டார். மறுநாள் அப்பா போகவில்லை. தன் முறை வந்தால் யார் சிரிப்பார்களோ என்று மாமாவும் நின்றுவிட்டார்.

அத்தை வீட்டுக்கே வந்தாள். "அண்ணா, நீ வர்லன்னா அவரும் வரமாட்டேன்றாரு. அவருக்கோசரமாவது வந்து சும்மா குந்திக்கினு இரு," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே இஸ்திரி வண்டிக்குப் போய், அதே கதையை அப்பாவின் பேரில் சொன்னாள். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள் அவள்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். பெருந்தன்மையோடு ஒருவருக்கொருவர் தலையசைத்துவிட்டு, குழந்தைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். அப்பா திணறினால் மாமா காத்திருந்தார்; மாமா திணறினால் அப்பா, "சொல்லு நைனா, சொல்லு," என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அத்தையின் தந்திரத்தைச் சொல்லிவிட்டேன்.

"அது அன்னிக்கே தெரியுமே. டீக்கடையில அவன் சொன்னான், நானும் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு கெடந்தோம்."

"அப்பறம் இன்னாத்துக்குப் போற?"

அவர் துணியைப் பிழிந்தார். "நான் போவலன்னா அவன் வரமாட்டான்மா."

கிண்டி வேலைக்குப் போன முதல் நாள், அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாமாதான் தேய்த்துக் கொடுத்தார். அன்று மாலை அப்பா அந்தச் சட்டையோடு வீட்டுக்குக்கூட வராமல் நேரே பால்வாடிக்குப் போனார். வேலைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வகுப்பு என்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.