பங்களாவில் வைத்த மருந்து

"…நான் ஊசி போடுறது நெசம். அப்போ பொய் சொல்றது மருந்தா இருக்கணும், இல்லாட்டி நானா இருக்கணும். நீங்களே சொல்லுங்க அக்கா" என்றாள் அந்தத் தாய்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்போரம் சாக்கில் படுத்திருந்த அவளுடைய ஏழு வயது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தூங்கவில்லை. காலியான தண்ணீர்க் கோப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில், பதுளையில் சீனி வியாதி உள்ள பிள்ளைகளுக்கான ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். சிங்களம் கற்றது கடைவீதியில், துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே. டொக்டர் சொல்வதைத் தோட்டத்துத் தாய்மாருக்குத் தமிழில் சொல்வதுதான் வேலை என்றார்கள். ஆனால் பாதிப் பொழுது பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து கதை கேட்பதில் போகும். ஊசி போடத் தெரியாதவர்கள் இல்லை, பெற்ற பிள்ளையைக் குத்த மனம் வராதவர்கள். "ஊசிக்கு முன்னுக்கு அவ அழுவா, பின்னுக்கு நான் அழுவேன். எங்க காம்பராவுல நேரம் பாக்க மணிக்கூடே வேணாம்" என்றாள் ஒருத்தி. இப்படிப்பட்ட பேச்சுகளை நான் இன்றும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இந்தத் தாய், ஊசியைச் சீக்கிரமே பழகிக்கொண்டவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரிடமும் பிரிட்ஜ் கிடையாது. நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி, ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் மருந்துப் போத்தலை வைத்திருந்தாள். எனக்குத்தான் அது போதவில்லை. தோட்டத்து மானேஜரான துரையின் பங்களாவுக்கே நடந்து போய், சமையல்காரரான கிழட்டு அப்புவிடம் பேசி, அங்குள்ள பிரிட்ஜில் மருந்தை வைக்க இடம் வாங்கிக் கொடுத்தேன். "ஒங்க வாயி இருக்கே அக்கா, அது தொரையவே தூங்க வச்சிரும்" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

பிறகு கிழட்டு அப்பு ஊருக்குப் போக, புது அப்பு வந்தார். அதற்குப் பின் பிள்ளை சரியத் தொடங்கியது. வார்ட்டில் வைத்திருந்தால் தேறும், வீட்டுக்கு அனுப்பினால் பத்து நாளில் துவண்டு திரும்பி வரும். இரண்டு தடவை இப்படி. "அம்மா ஊசி போடுறதே இல்ல" என்றார் வார்ட்டு நர்ஸ் மிஸ்ஸி. பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் லயத்துப் பெண்கள் இன்னும் மோசமாகப் பேசினார்கள்: "பொட்டப்புள்ளதானேன்னு விட்டுட்டா போல." டொக்டர் என்னைக் கூப்பிட்டு, நீ போய்ப் பார், தாய் போடவில்லை என்றால் பிள்ளையை ஏதாவது இல்லத்தில் சேர்க்கச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்றார்.

அதற்காகத்தான் அந்தக் காலையில் அவள் காம்பராவுக்குப் போயிருந்தேன். நானும் பாதி நம்பித்தான் போனேன்.

அவள் அப்போதுதான் பங்களாவிலிருந்து போத்தலை எடுத்து வந்து மடியில் வைத்திருந்தாள். "புது அப்பு நல்ல மனுசன் அக்கா. மருந்து கெட்டுப்போவக் கூடாதுன்னு மேல ஐஸ் புடிக்கிற பொட்டிக்குள்ளேயே வச்சிருக்காரு. கல்லு மாதிரி இருக்கும். மடியில வச்சு உருக்கித்தான் போடுவேன்."

"நல்லதுதானே" என்றேன்.

குளிர்ச்சியாக வையுங்கள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். உறைய விடாதீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உறைய வைக்க லயத்தில் யாருக்கு வழி இருந்தது? ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது என்று எனக்கே அன்று தெரியாது. அதனால்தான், மருந்தா நானா என்று அவள் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்:

"மருந்து எப்படிம்மா பொய் சொல்லும்?"

அவள் ஊசியை எடுத்து, மகளுக்குப் போடும் அளவை உறிஞ்சி, சேலையை விலக்கித் தன் வயிற்றிலேயே குத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி!" என்று பாய்ந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

"நேத்து ராவுலருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. மருந்து ஏறிச் சீனி கொறைஞ்சா கை நடுங்கும், வேர்க்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பாருங்க."

இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சீனி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெளியே பனிமூட்டம் எதிர் லயத்தை மறைத்தது. பிள்ளை தண்ணீர் கேட்டது, கொடுத்தேன். மறுபடி கேட்டது. குனிந்து கொடுத்தபோது அதன் மூச்சில் அழுகிய பழ வாடை அடித்தது. வார்ட்டுக்கு வந்த இரண்டு தடவையும் அதே வாடைதான். தேயிலை ஸ்டோரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. நீட்டிய கைகளில் ஒரு விரல்கூட அசையவில்லை.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள். போத்தலை இடுப்பில் செருகி, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பதுளை பஸ் நிற்கும் ரோட்டை நோக்கி ஓடினாள்.