கையாட்டி அக்கா

கணக்கு வாத்தியார் தும்மினால் அக்காவும் தும்முவாள். அவர் காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தபடி, "புரிஞ்சா சரி, புரியாட்டிப் போங்க" என்று சொன்னால், அதே குடைச்சலும் அதே சலிப்பும் அக்காவின் கை வழியாக முதல் பெஞ்சுக்குப் போய்ச் சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவள் நெட்டை, பத்தாம் வகுப்பில் காது கேளாத ஒரே மாணவி. அவள் களுக்கென்று சிரித்துவிட்டால் வாத்தியார் கரும்பலகையிலிருந்து திரும்புவார்.

"ஏம்மா, நான் பாடம் நடத்துறேன், நீ படம் காட்டுறியா?"

அந்தக் கேள்வியும் உடனே கையில் ஏறிவிடும்.

அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தின் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆசிரியர் அறையில் அவளுக்குக் கையாட்டி என்று பெயர்; பிள்ளைகள் மரியாதையாக ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். டீ டம்ளரைக் கீழே வைக்காமல் எந்தக் கேள்விக்கும் அவளிடமிருந்து பதில் வராது. பூப்போட்ட துணி உடுத்தமாட்டாள். கைக்குப் பின்னால் பூ ஆடினால் பார்க்கிற பிள்ளைக்குக் கண் வலிக்குமாம்.

"சொன்னதைச் சொல்றதுதான் என் வேலை. வெட்டுறது ஒட்டுறது எல்லாம் தையக்காரர் வேலை" என்பாள்.

அறிவியல் டீச்சர் ஒருநாள், "இந்தப் பொண்ணுக்கெல்லாம் லேப் எதுக்கு, உடைச்சு வைக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுப் பதறினார். "ஐயோ, இதை அதுகிட்ட சொல்லிடாதம்மா."

அக்கா இரண்டையும் சொல்லிவிட்டாள். நெட்டையின் கை பதிலுக்குப் பறந்தது. நெட்டைக்காகப் பேசும்போது அக்காவின் குரலுக்குப் பதினைந்து வயதாகிவிடும். "நான் இன்னும் ஒண்ணும் உடைக்கல டீச்சர். போன வாரம் உடைஞ்சது உங்க கையிலதான்" என்றது அந்தக் குரல், கொஞ்சம் துடுக்கையும் விடாமல்.

இந்தப் பிடிவாதம் தம்பியால் வந்தது. அவனுக்கும் காது கேட்காது. புரிந்ததா என்றாலும் தலையாட்டுவான், புரியவில்லையா என்றாலும் தலையாட்டுவான். தலையாட்டியே பள்ளிக்கூடத்தைக் கடந்தான். ரொம்ப நல்ல பையன் என்று பேர் வாங்கியவன், இன்றைக்கு ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறான். அவனும் அம்மாவும் அக்காவின் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இந்த வருடம் பள்ளி திறந்து இரண்டு மாதத்தில் அலுவலகக் கிளார்க் வேலையை விட்டு நின்றுவிட்டார். தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்காரும்மா. அந்தப் பொண்ணு போர்டைப் பாத்து எழுதிக்கும், கெட்டிக்காரி."

காது கேளாத பிள்ளைக்காக வேலைக்கு வந்தவளுக்கு அவர்கள் கொடுத்தது டெலிபோன். கொஞ்ச நாள் அரையாண்டுத் தேர்வையும் தாண்டியது. போன் அடிக்காத நேரத்தில் ஜன்னல் வழியே எதிர் வகுப்பைப் பார்ப்பாள். நெட்டை வாத்தியாரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்க்க வந்தவர். தலைமையாசிரியர் அதற்கு முன்பே அக்காவைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொல்லிவைத்தார்.

"அடுத்த வருஷம் நீ இருக்கணுமா வேணாமான்னு அவர்தான் முடிவு பண்ணுவார். பாத்துப் பேசு."

"நான் எங்க சார் பேசறேன்? அவ பேசறதத்தானே பேசறேன்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

அதிகாரி நல்ல மனிதர். நெட்டையின் அருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உனக்குன்னு இருக்கிற இந்த அக்கா தினமும் கிளாசுக்கு வர்றாங்களாம்மா?"

அக்கா ஓர் எழுத்துக் குறையாமல் அதைக் கையில் சொன்னாள். நெட்டை அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த அக்கா எதையும் மறைக்கமாட்டாள் என்ற தைரியம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு நிதானமாக, நீளமாகச் சொன்னாள். அக்கா ஆபீசில் போன் எடுக்கிறாள். வகுப்பில் எல்லார் வாயும் அசைகிறது. நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பரீட்சை வரப்போகிறது, ஒரு பாடமும் புரியவில்லை. எனக்கு இந்த அக்கா வேண்டும்.

அந்த அறையில் இந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் சட்டைப் பையில் பேனாவைச் சரிசெய்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் வர்றாங்க சார்" என்றது பதினைந்து வயதுக் குரல்.

அதிகாரி மகிழ்ந்துபோனார். நெட்டையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்; அவருக்குத் தெரிந்த சைகை அது ஒன்றுதான். நெட்டை அவரைப் பார்க்கவில்லை. தான் அவ்வளவு சொல்லியும் ஒருமுறை திறந்து மூடிக்கொண்ட அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரியின் வண்டி வாசலைத் தாண்டியதும் தலைமையாசிரியருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. "இன்னைக்கு நீ கிளாசுக்குப் போம்மா. போன் வந்தா நான் பாத்துக்கறேன்."

வரலாற்றுப் பாடம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. அக்கா தன் பழைய இடத்தில், கரும்பலகையின் ஓரமாக நின்றாள். கையை உயர்த்தி, 'கோபமா?' என்று கேட்டாள்.

நெட்டை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டாள்.