ஆயுத பூஜைக்குக் கழுவிய மீன்தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மீன்தொட்டி கடையில் இருந்து வந்த அன்றைக்கு மாதிரி பளபளத்தது. உள்ளே மீன்தான் இல்லை.

தொட்டி வாங்கிய கதையை இந்தப் பத்தியில் பெருமையாக எழுதியிருந்தேன். 'மீனெல்லாம் நலமா?' என்று இன்னமும் சிலர் கேட்கிறீர்கள். கேட்டவர்களுக்கு இந்த வாரம் கொஞ்சம் கனமான பதில்.

ஐந்து தேன் கௌராமி மீன்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மஞ்சள் நிறச் சாதுக்கள். யாரையும் துரத்தாது, கடிக்காது. வயிற்றுப் பக்கம் நூல் மாதிரி இரண்டு துடுப்பு... அதை நீட்டி எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போகும்.

வாங்கியது என் சம்பளத்தில். ஆனால் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது நைனா. அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து வந்ததும் டீ டம்ளரோடு உட்கார்ந்து, கண்ணாடியில் விரலை ஓட்டுவார். ஒரே ஒரு மீன் மட்டும் அந்த விரலின் பின்னாலேயே போகும். அதற்கு மஞ்சக்கிளி என்று பெயர் வைத்தார். மற்ற நான்கும் பெயரில்லாத பொதுஜனம்.

"பாத்தியாமே, என் பின்னாடியே டூட்டிக்கு வருது!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"வரட்டும், வரட்டும். ஓவர்டைமும் பாக்கச் சொல்லு" என்பார் அம்மா.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குக் கழுவாத பொருள் ஏதாவது உண்டா? கம்பெனியில் மெஷின், வாசலில் பைக், வீட்டில் மிக்ஸி... நான் வேலை முடிந்து திரும்பியபோது மீன்தொட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து சாமந்திச் சரம் போட்டிருந்தது.

"எப்பிடி கீது?" என்றார் நைனா. "மீனைப் பக்கெட்ல வுட்டுட்டு, கல்லு மொதக்கொண்டு தேச்சிக் கய்வினேன். அந்த ஸ்பாஞ்சுல இன்னா அயுக்குன்ற! கொதிக்கிற தண்ணியில போட்டு அலசிட்டேன். மெஷினு மாதிரி ஜம்முனு கீது பாரு!"

பையைக்கூடக் கீழே வைக்காமல் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். ஃபில்டரில் இருக்கும் அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். மீன் கழிவின் நஞ்சை முறிப்பது அவைதான். அவை போயின. பழைய தண்ணீரும் போனது. நிரப்பியிருந்தது உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்.

கேன் தண்ணீரைக் கலந்து பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில் நான்கு மீன்கள் மிதந்தன. மஞ்சக்கிளி மட்டும் ஒரு மூலையில் துவண்டு கிடந்தது.

"ஏம்மா செத்துப் போச்சிங்க? நான் கய்வுனதுலயா?"

லேபில் தண்ணீரைச் சோதிப்பதுதான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், விலங்கியலில் பட்டம் வாங்கியவள். எனக்கா பதில் தெரியாது? ஆனால் நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று அம்மா கண்ணைக் காட்டினார்.

"இல்ல நைனா. கடைக்காரன் சீக்கு மீனைக் குடுத்துட்டான்."

அவர் முகம் தெளிந்தது. நல்ல மகள்தான் நான் என்று எனக்கும் ஒரு திருப்தி.

சீக்கு என்று சொன்னால் அந்த மனிதர் சும்மா இருப்பாரா? அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வருகிறேன்... தொட்டி பளபளக்கிறது. மிச்சமிருக்கும் ஒன்றுக்கும் சீக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று வெந்நீர் ஊற்றி, முன்பைவிட அழுத்தித் தேய்த்து, மறுபடியும் போர் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறார். மஞ்சக்கிளி சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பாஞ்சு, அழுக்கு, அதில் இருக்கும் உயிர். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

வீட்டில் முதலில் படித்தவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. பெற்றவர்கள் மனசு நோகக் கூடாது என்று பாதியை விழுங்கிவிடுவோம். பாசம் என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொள்வோம். ஆனால் அடியில் இன்னொன்று இருக்கிறது — 'சொன்னால் மட்டும் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?' அது பாசமில்லை. திமிர்.

நைனா திட்டவில்லை. நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, காலித் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாலு செத்தது என்னாலதான். எனுக்குத் தெரியல. அஞ்சாவது செத்தது உன்னாலம்மா... உனுக்குத் தெரியுமே."