வெயில் பட்ட காது

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். நடு மூவரும் நைனாவைப் போல நல்ல கறுப்பு. மூத்த அண்ணனும் கடைசியாகப் பிறந்த நானும் மட்டும் தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெளுத்துப் பிறந்தோம். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று பெயர். பத்து நிமிடம் வெயிலில் நின்றால் கழுத்து சிவக்கும். அரை நாள் நின்றால் கொப்புளம் வரும். மூன்றாம் நாள் தோல் வெங்காயச் சருகு போல உரியும். கண்ணும் கூசும். சாயங்காலம் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் நான் முழுதாகக் கண்ணைத் திறப்பேன்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று அண்ணன் ஐந்தாவதோடு நின்றுவிட்டான். திருவண்ணாமலை ரோட்டில் இருந்த அரிசி மில்லில் நைனா அவனைச் சேர்த்துவிட்டார். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பியிருப்பார்கள். வெறுங்காலால் அதன்மேல் நடந்து நடந்து கிளறிக் காயவைக்க வேண்டும். "அதுக்குக் கண்ணு எதுக்கு, காலு இருந்தா போதும்" என்றார் நைனா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதில், கையில் கொப்புளத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் துத்தநாகப் பொடியைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, வாசலினோடு குழைத்து ஒரு வெள்ளைக் களிம்பு செய்து கொடுத்தார்.

"வெயில்ல போறதுக்கு முன்னாடி பூசணும்மா. வெந்த பிறகு பூசி இன்னா பிரயோசனம்?" என்றார்.

அம்மாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தேய்ப்பதுதான் அவள் வைத்தியம். அக்கா தான் முகத்துக்குப் போடும் ஸ்னோவைப் பூசிக்கொள்ளச் சொன்னாள். பக்கத்து வீட்டில் சந்தனம் என்றார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னதில் எனக்கு எரிச்சல் வந்தது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முன்கையில் பேனாவால் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக நான்கையும் பூசிக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். அம்மா பார்த்து என்னை உள்ளே இழுத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கட்டம்தான் எல்லாவற்றையும்விட மோசமாகச் சிவந்திருந்தது. ஸ்னோ பூசிய இடத்துக்கும் ஒன்றும் பூசாத இடத்துக்கும் வித்தியாசமில்லை. சந்தனம் காய்ந்து வெடித்து, வெடிப்பு வழியே சிவப்பு ஓடியிருந்தது. களிம்பைத் துடைத்தபோது அடியில் தோல் அப்படியே இருந்தது.

அண்ணன் மில்லிலிருந்து வந்ததும் கையைக் காட்டினேன். முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தான்.

"நீயும் பூசிக்கோண்ணா."

"ஏற்கெனவே சுண்ணாம்பு அடிச்ச செவுரு. இதுல ரெண்டாவது பூச்சா?" என்று சிரித்தான்.

ஆனாலும் மூன்று நாள் பூசிக்கொண்டு போனான். உமித்தூசி முகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. வியர்வையில் களிம்பு கரைந்து கண்ணில் இறங்கி, இருக்கிற பார்வையும் போயிற்று. களத்து ஆட்கள் கூத்துக்காரன் என்றார்கள். நான்காம் நாள் வழக்கம்போலத் தலையில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பினான். துண்டைக் காதுக்குப் பின்னால்தான் கட்டுவான். நெல் இறக்க வரும் லாரி ரிவர்சில் வந்தால் அவனுக்குக் கண்ணால் தெரியாது, காதால்தான் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு முன்பு அண்ணன் காதில் ஒரு பொருக்கைப் பார்த்தேன். இடது காது மடலின் நுனியில், மிளகு அளவு. கிள்ளி எடுத்தான், துளி ரத்தம் வந்தது. ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. மாசியில் புளியங்கொட்டை அளவு ஆயிற்று. சூட்டுக் கட்டி என்று அம்மா பச்சிலை அரைத்து வைத்தாள். அவனுக்கு வலியில்லை. வலியில்லாததால் யாருக்கும் பயமில்லை. எனக்கு மட்டும் அவன் சாப்பிடும்போது அந்தக் காதில் ஈ வந்து உட்காருவதைப் பார்க்க முடியவில்லை.

களிம்பு வாங்கப் போனபோது கம்பவுண்டரிடம் சொன்னேன். குழைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தினி நாளா இருக்குது?"

"பொங்கலுக்கு முந்தியிலேர்ந்து சார்."

"நாளைக்கே இட்டுனு வா."

அண்ணன் வரவில்லை. அறுவடை நேரம், களம் நிரம்பிக் கிடந்தது. "நெல்லு காயட்டும் பாப்பா, அப்பறம் போலாம்" என்றான். அப்புறம் அப்புறம் என்று ஆடி வந்துவிட்டது. ஒரு காலையில் தலையணையெல்லாம் ரத்தமாக இருக்க, தானாகவே என்னோடு நடந்து வந்தான். கம்பவுண்டர் காதை அதிக நேரம் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே கழுத்தை விரல்களால் மெல்லத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அதே இடத்தை இரண்டாம் முறையும் தொட்டார். பிறகு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நைனா எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனார். புற்று என்று அந்தக் காதை எடுத்துவிட்டார்கள். கழுத்துக் கட்டியையும் எடுத்தார்கள், உள்ளே இன்னும் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அங்கிருந்த டாக்டர் என்னையும் ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தார். கையிலும் கழுத்திலும் களிம்பு இருந்தது.

"இத யாரு பூசச் சொன்னது?"

"எங்க ஊரு கம்பவுண்டர் சார்."

"விடாம பூசு. அண்ணனுக்கு ஏன் பூசல?"

"கண்ணு எரியுதுன்னு விட்டுட்டான் சார்."

அவர் நைனாவைப் பார்த்தார்.

ஊர் திரும்பிய அண்ணன் அதன் பிறகு களத்துக்குப் போகவில்லை. கார்த்திகையில் நாள்கணக்கில் மழை. வெளியே வெயில் என்பதே இல்லை. ஆனால் தினமும் காலையில் களிம்பு டப்பாவோடு வந்து என் முன்னால் உட்காருவான். நெற்றி, மூக்கு, மிச்சமிருந்த காது, கட்டுக்குக் கீழே கழுத்து என்று பூசிவிடுவேன். அந்தக் கழுத்தில் புதிதாக ஒன்று தடித்துக்கொண்டு வந்தது என் விரலுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

"நல்லா தாராளமா பூசு பாப்பா" என்பான், கண்ணை மூடிக்கொண்டு.

மாசியில் இறந்தான். இருபத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு அம்மா எண்ணெயும் மஞ்சளும் எடுக்கவில்லை. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இரண்டு காதையும் மடக்கி மடக்கிப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல, போ" என்று அவள் சொல்லும் வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவள் அதைச் சொல்லவில்லை. வலது காதின் விளிம்பில் ஒரு சிறு பொருக்கு, அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு குடையை எடுத்தாள். நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

கம்பவுண்டர் என் தாடைக்குக் கீழே தடவினார். அவர் விரல் எங்கும் நிற்கவில்லை. "பத்து நாள் கழிச்சி வா, பார்க்கலாம்" என்றார். அந்தப் பத்து நாளும் அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை.

ஒன்பதாம் நாள் அது உதிர்ந்தது. கொசு கடித்ததைச் சொறிந்த பொருக்குதான். அடியில் புதுத் தோல் இருந்தது. அம்மா அதை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தாள்.