இஞ்சேருங்கோ என்று கூப்பிட்ட சுவிஸ்காரர்

சம்பந்தி ரூடி மோசம் போய்விட்டார் என்று மகள் சுபா போன் எடுத்தபோது நான் அடுப்பில் சொதி வைத்திருந்தேன். நான் கேட்ட முதல் கேள்வியை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

"வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

சுபா கோபிக்கவில்லை. டொக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார் என்றாள். அதற்குப் பிறகும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, இன்னொரு போன் வரும் என்று கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன். ரூடி எழும்பிவிட்டார், சும்மா பகிடி விட்டவர் என்று யாராவது சொல்லுவார்கள் என்றுதான் மனம் சொன்னது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும். ஒரு நத்தார் விருந்தில் நான் பொரித்த மோர்மிளகாயை ஒரு கடி கடித்துவிட்டு, அந்த மனிதர் வாய் ஒரு பக்கம் கண் ஒரு பக்கமாகக் கதிரையில் சரிந்தார். நான் ஐயோ என்று குழறிக்கொண்டு ஓடினேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறதுகள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி இன்னொரு மிளகாய் எடுத்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த ஆள் செய்கிற எதையும் உடனே நம்பக் கூடாது என்று.

எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ரூடியைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என்றாலும் ஓம் என்றேன். வேறு யார் எழுதினாலும் அவரைப் புகழ்ந்துதான் எழுதுவார்கள். அவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தவள் நான் ஒருத்திதான். சந்தேகப்படுகிற கண்ணுக்குத்தான் ஆள் முழுதாகத் தெரியும்.

சுபா ஒரு சுவிஸ் பெடியனைக் கலியாணம் முடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது, தகப்பன் என்ன வேலை என்று கேட்டேன். சிரிப்பு நடிகர் என்றாள். எங்கள் வழக்கப்படி விசாரிக்காமல் விடலாமா? என் தம்பியின் மகன் சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறான். உன் முதலாளி அந்த ஊர்க்காரன்தானே, குடும்பம் எப்படி என்று கேட்டுச் சொல்லடா என்றேன். அடுத்த நாள் எடுத்தான்.

"மாமி, பேரைச் சொன்ன உடனை முதலாளி சிரிக்கத் தொடங்கிட்டான். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு குந்திட்டான். வேறை ஒண்டும் சொல்லுறான் இல்லை."

எனக்கு நித்திரை போய்விட்டது. ஒரு குடும்பத்தின் பேரைக் கேட்டு ஊர்க்காரன் சிரிக்கிறான் என்றால், அது என்ன மாதிரிக் குடும்பம்?

மனைவி மார்த்தா இறந்த பிறகு ரூடி ஸ்காபரோவில் மகனோடு வந்து இருந்தார். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே உயரம். அதனால் சில நேரம் எங்களுக்குள் நன்றாக விளங்கும். மிச்சத்தைச் சுபா சொல்லுவாள். தொடக்கத்தில் ரெயிலில் டிக்கெட் பார்க்கிற வேலை செய்தாராம். அவருடைய முகத்தைக் கண்டதும் டிக்கெட் வைத்திருக்கிறவர்களும் பயந்துபோய்ப் பொக்கெட்டைத் தடவுவார்களாம். அந்தத் தடவலைப் பின்னேரம் வீட்டில் மார்த்தாவுக்கு நடித்துக் காட்ட, அந்த மனிசி சிரித்த சிரிப்பில் ரூடி ரெயில் வேலையை விட்டாராம். பாண் வெதுப்பகம் ஒன்றுக்குப் பின்னால் இருந்த சின்ன மேடையில் தொடங்கி, பிறகு ரிவியில் வந்து, வருசக்கணக்காக அதே டிக்கெட் பார்க்கிறவராகவே நடித்தாராம். கடைசியில் அவர் ரெயிலில் ஏறினால் சனம் தன்பாட்டில் எழும்பி டிக்கெட்டை நீட்டுமாம்.

இதில் பாதியைத்தான் நம்பினேன். ஒருநாள் பிளாசாவில் நாங்கள் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கையில், உல்லாசப் பயணம் வந்த வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் ரூடியைக் கண்டு அப்படியே நின்றார்கள். ஒரு கதையும் இல்லை. அந்த மனிசி கைப்பையைத் திறந்து பஸ் கார்டை எடுத்து நீட்டினா. ரூடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, வெண்டிக்காய் தெரிந்தெடுக்கப் போனார். அதற்குப் பிறகு முக்கால்வாசி நம்பினேன். மிச்சக் கால்வாசி, அவர்களையும் ரூடியே வரச் சொல்லி வைத்தாரோ என்ற யோசனை.

சிரிக்காத சிரிப்பு நடிகர் அவர். ஏன் நீங்கள் சிரிக்கிறதில்லை என்று கேட்டதற்கு, "சமைக்கிற ஆள் சட்டிக்குள்ளையே சாப்பிட்டு முடிச்சால் பந்திக்கு என்ன மிஞ்சும்?" என்றார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு, தமிழ் வராவிட்டாலும் பேசுகிற விதம் எங்கள் மாதிரி வந்துவிட்டது.

இனி இவருடைய கதைக்கு வருகிறேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. இங்கே பாருங்கோ என்கிறதைச் சுருக்கி நான் கூப்பிடுவது இஞ்சேருங்கோ என்று. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதுதானே. ரூடி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் விருந்தில் நான் இஞ்சேருங்கோ, தண்ணி வையுங்கோ, இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ என்று நின்றிருக்கிறேன். போகிறபோது ரூடி இவருடைய கையைப் பிடித்து, "தாங்க் யூ, மிஸ்டர் இஞ்சேருங்கோ" என்றார்.

பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். யாரும் திருத்தவில்லை. இவர்தான் திருத்த வேண்டாம் என்று சொன்னவராம். மாதக்கணக்காக அதுவே பேர். இவருடைய பிறந்தநாளுக்கு ரூடி கேக் கொண்டுவந்தார், மேலே கிறீமால் இங்கிலீசு எழுத்தில் இஞ்சேருங்கோ. அந்தக் கேக்கை வெட்டும்போது ரூடியின் முகத்தையே பார்த்தேன். சொந்த மகன் பக்கத்தில் இருக்கிறான், தமிழ்ப் பிள்ளையை முடித்தவன். இவ்வளவு நாளும் ஒருவரும் சொல்லாமலா இருப்பார்கள்? முகத்தில் ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த வருசம் இவருக்குப் பாரிசவாத வருத்தம் வந்தது. கையும் கதையும் திரும்பி வந்தன. இடது கால் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. கதிரையிலிருந்து எழும்ப நேரம் எடுக்கும், ஒரு பக்கம் சரிந்துதான் எழும்புவார். ஊரில் லொறி ஓடினவர். ஒஷாவாவில் பக்டறியில் பெட்டி தூக்கினவர். சனத்துக்கு முன்னால் அப்படி எழும்ப வெட்கப்பட்டுக் கோயிலை விட்டார், கலியாண வீடுகளை விட்டார், சங்கத்தையும் விட்டார். யன்னலோடு கதிரையைப் போட்டு இருந்துவிட்டார்.

ரூடி விடவில்லை. வந்து இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுபா வீட்டு பேஸ்மென்டுக்குப் போய்விடுவார். கதவு சாத்தியிருக்கும். உள்ளே தட்டுமுட்டுச் சத்தம், இடைக்கிடை இவருடைய சிரிப்பு. என்ன செய்கிறீர்கள் என்று இவரைக் கேட்டால், சும்மா கதைக்கிறம் என்பார். இவருக்கு இங்கிலீசு வராது, அவருக்குத் தமிழ் வராது. என்னத்தைக் கதைக்கிறது? அந்த நேரம் பார்த்து என் மாம்பழ நிறச் சேலையைக் காணவில்லை. சுபாவிடம் கேட்டேன், முகத்தைத் திருப்பினாள். அலுமாரியில் சேலை இல்லை, மகளுக்கு வாய் இல்லை. பிறகுதான் சங்கத்து ஆண்டுவிழாவில் இருவரும் நாடகம் போடப் போகிறார்கள் என்று தெரிந்தது.

ரூடியை நேரே பிடித்தேன். சுபாவைப் பக்கத்தில் நிற்பாட்டி, ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொன்னேன்.

"என்ரை மனிசனைப் பாத்து இண்டுவரைக்கும் ஒருத்தரும் சிரிச்சதில்லை. அந்தக் காலைப் பாத்து மண்டபத்திலை ஒராள் சிரிச்சாலும், பிறகு நீர் என்ரை வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது."

ரூடி கேட்டுக்கொண்டு நின்றார். "சிரிப்பினம். அதிலை மாற்றமில்லை" என்றார். "ஆரைப் பாத்துச் சிரிக்கிறது எண்டதுதான் என்ரை வேலை."

அது சமாதானமா, திமிரா என்று எனக்கு விளங்கவில்லை. விழாவன்று முதல் வரிசையில், மேடைப் படியோடு இருக்கிற கதிரையில் போய் இருந்தேன். ஒரு சத்தம் பிழையாகக் கேட்டாலும் இவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று.

திரை விலகியது. நடுவில் கதிரை, அதில் இவர். அடுத்து ரூடி வந்தார், என் சேலையோடு. கொய்யக மடிப்பு வைத்து, தலைப்பை இடுப்பில் செருகி, நான் நடக்கிற நடை. மண்டபம் சிரித்தது, தலைகள் என் பக்கம் திரும்பின. நான் அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். ரூடி அகப்பையோடு நின்று "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டார். என் குரல் மாதிரியே இருந்தது.

இவர் எழும்ப வேண்டும். எழும்பவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டார். இவர் முன்னால் பார்த்தபடி இருந்தார், கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. மண்டபம் அமைதியானது. பின்னுக்கு யாரோ குசுகுசுத்தார்கள். ரூடி மறுபடி கூப்பிட்டபோது அவர் குரல் தடுமாறியது, நெற்றி வியர்த்திருந்தது. கால் பிடித்துவிட்டது, சனம் பார்க்கிறது, இந்த மனிசன் இனி வீட்டை விட்டே வெளிக்கிடாது என்று நினைத்தேன். எப்போது எழும்பினேன் என்று தெரியாது.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. வீட்டை போவம்."

சொல்லி வாய் மூடவில்லை, இவர் எழும்பிவிட்டார். ஒரு பக்கம் சரிந்து, கதிரையில் கை ஊன்றி, எப்போதும் எழும்புகிற மாதிரித்தான். எழும்பி என்னை நோக்கி நடந்தார். மண்டபம் வெடித்தது. ரூடி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புருசனைப் பறிகொடுத்த பெண் மாதிரி, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று பின்னால் ஓடி வந்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. சங்கத்துச் செல்வராணி கண்ணீர் துடைத்துக்கொண்டு வந்து, "மணி அக்கா, எத்தினை நாள் நாடகம் பழகினனீங்கள்?" என்று கேட்டா.

அந்தக் காலை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அடுத்த கிழமையிலிருந்து இவர் சங்கத்துக்குப் போகத் தொடங்கினார். வயசில் சின்ன ஆக்களும் "இஞ்சேருங்கோ அண்ணை" என்று கூப்பிட, சரிந்து சரிந்து எழும்பிக் கை காட்டுவார்.

அன்றிலிருந்து என் மனதில் இருந்தது ஒரே கேள்வி. இவர் உண்மையாகவே மேடையில் உறைந்து போனவரா? இல்லை, நான் பொறுக்க மாட்டேன் என்று தெரிந்து இரண்டு பேரும் எனக்காகப் போட்ட நாடகமா? ஆஸ்பத்திரியில் ரூடியைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, சுபாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டே விட்டேன். அவர் டிக்கெட் பார்க்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்கள் எழும்பினது நடிப்போ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப மேடையிலை ஒராள் எண்டாலும் நடிக்கேல்லை. அது போதும்."

இது ஒரு பதிலா? எட்டாம் நாள் எட்டுச் சிலவுப் படையல் முடிந்த பிறகு இவரைப் பிடித்தேன். ஆள் போய்விட்டார், இனி மறைக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கோ என்றேன்.

"சொல்லமாட்டன் எண்டு ரூடிக்குச் சொன்னனான்."

"எந்தப் பாசையிலை சொன்னனீங்கள்?"

இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், பிறகு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அது சிரிப்பாகவே முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

ரூடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பார்வை. முந்தி இவர் எழும்பப் போனால் ஓடிப் போய்க் கை கொடுப்பேன். இப்போது கூப்பிட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்க்கிறேன். கையை எங்கே ஊன்றுகிறார், எந்தத் தோள் முதலில் சரிகிறது என்று, சிரிக்காமல், ரூடி பார்க்கிற மாதிரி. கால் உண்மையாக இழுக்கிறதோ, இல்லை நான் நிற்கிறேன் என்று தெரிந்து எனக்காக இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டுகிறாரோ?